தறி இருக்கிற வீட்டை விட்டு எங்கே போவது?

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நம்மூரில் புருஷனிடம் அடிபட்ட பெண்ணுக்கு இருந்தது இரண்டே வழி. ஒன்று அம்மா வீடு, இன்னொன்று தெருப் பெரியவர்கள் கூடிப் பேசும் பஞ்சாயத்து. அங்கே என்ன சொல்வார்கள் என்பது போகும்போதே தெரியும். "அவனுக்குப் புத்தி சொல்லியாச்சு, நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா." அம்மா வீடும் பத்து நாளைக்குத்தான்.

ஆரணியில் இதற்கு மேல் ஒரு முடிச்சு உண்டு. இங்கே வீடும் பட்டறையும் ஒன்று. கூடத்தில் குழி வெட்டி இறக்கிய தறியை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. தார் சுற்றுவது, பாவு பிணைப்பது, கோர்வைக்குக் கூட உட்காருவது என்று பாதி வேலை பெண்ணுடையது. பல வீடுகளில் முழுச் சேலையையே அவள்தான் நெய்தாள். ஆனால் நான் கணக்கு எழுதிய நெசவாளர் சங்கத்தில் பாஸ்புத்தகம் பெரும்பாலும் ஆண் பேரில்தான் இருந்தது. முதலாளியிடம் வாங்கிய முன்பணமும் அப்படியே. அவள் வாசற்படி தாண்டினால் வீட்டோடு தொழிலும் கூலியும் போய்விடும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், பெண்களுக்கான உதவிகள் நம் மாநிலத்தில் வளர்ந்த கதை கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது.

முதலில் வந்தவை இல்லங்கள். பதினோரு வயதில் விதவையான சகோதரி சுப்பலட்சுமி, பட்டம் பெற்றபின் 1912 வாக்கில் சென்னையில் சில பால்ய விதவைகளைச் சேர்த்துக்கொண்டு படிக்கவைத்தார். அது பிறகு ஐஸ் ஹவுஸ் விடுதியாக வளர்ந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தேவதாசி முறையிலிருந்து தப்பி அடைக்கலம் தேடி வந்த சிறுமிகளுக்காக 1930-ல் ஔவை இல்லத்தைத் தொடங்கினார். சுதந்திரத்துக்குப் பின் 1953-ல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் மத்திய சமூக நல வாரியம் அமைந்தது. அரசு சேவை இல்லங்களும் வந்தன. கைவிடப்பட்டவர்களும் விதவைகளும் அங்கே தங்கிப் படிப்பும் கைத்தொழிலும் கற்றார்கள்.

இவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எத்தனையோ பேர் அங்கிருந்து ஆசிரியைகளாகவும் நர்சுகளாகவும் வெளியே வந்தார்கள். ஆனால் அவை வீடு இல்லாதவளுக்கு வீடு கொடுத்தன. நம்மூர்ப் பெண்ணுக்கோ வீடு இருந்தது. அதற்குள் அடியில்லாமல் இருக்கத்தான் வழியில்லை.

அடுத்து வந்தது போலீஸ். மனைவியைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கிய 498ஏ பிரிவு 1983-ல் வந்தது. 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தார்கள். (கேரளத்தில் கோழிக்கோட்டில் 1973-லேயே ஒன்று வந்துவிட்டது.) இன்று மாநிலத்தில் இருநூறுக்கு மேல். ஆண் போலீஸ்காரர் முன்னால் உடம்புக் காயத்தைக் காட்டக் கூசியவள் பெண் ஏட்டம்மாவிடம் காட்டினாள். அதுவே பெரிய விஷயம். அங்கும் முக்கால்வாசி மனுக்கள் இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி முடிப்பதாகவே போகின்றன என்று சிலர் குறை சொல்வார்கள். பழைய பஞ்சாயத்துக்குக் காக்கி மாட்டியது போல என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. இருந்தாலும் ஒரு வித்தியாசம்: கையில் மனு ரசீது கிடைக்கும். திண்ணைப் பேச்சுக்கு ஏது ரசீது?

என் கணக்கில் உண்மையான திருப்பம் 2005-ல் இயற்றி, 2006 அக்டோபர் 26 முதல் அமலுக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம்தான். ஜெயிலில் போடுவதைவிட முதலில் பாதுகாப்பைப் பார்க்கும் சட்டம் இது. சமூக நலத் துறையின் கீழ் மாவட்டத்துக்குப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். நடந்ததை அவர் அறிக்கையாக எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். அம்மா வீட்டில் இருந்துகொண்டு அந்த ஊர் கோர்ட்டிலேயே மனுப் போடலாம். கோர்ட் போட்ட பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம்.

இதில் 17-வது பிரிவை நான் இரண்டு முறை படித்தேன். சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து இருக்கப் பெண்ணுக்கு உரிமை உண்டு. வீடு அவள் பேரில் இல்லாவிட்டாலும் உண்டு. சட்டப்படி அல்லாமல் அவளை வெளியே தள்ள முடியாது. அடிப்பவனையே வெளியேறச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. அதுவரை 'நீ எங்கே போவாய்?' என்று அவளைத்தானே கேட்டார்கள்!

ஆனால் சட்டம் வந்த இரண்டே மாதத்தில், 2006 டிசம்பரில், பாத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சுருக்கிவிட்டது. வீடு மாமியார் பேரில் இருந்தால் மருமகள் அந்த உரிமையைக் கேட்க முடியாது என்றது. நம் தெருவில் எத்தனை வீடு மகன் பேரில் இருக்கிறது? பத்திரம் அப்பா பேரிலோ அம்மா பேரிலோதான் இருக்கும். பதினாலு வருஷம் அந்த நிலைமை ஓடியது. 2020 அக்டோபரில் அகுஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, மாமனார் மாமியார் வீடானாலும் அவள் அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால் அது அவளுக்கும் குடியிருப்பே என்றார்கள். வயதான பெற்றோரின் நிம்மதியையும் கோர்ட் பார்க்க வேண்டும் என்று சேர்த்தே சொன்னார்கள். எனக்கு அது நியாயமாகப் படுகிறது.

தறியைப் பற்றிச் சட்டம் தனியாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அவள் அனுபவித்துவந்த வசதிகளைத் தடுப்பதையும் பொருளாதார வன்முறை என்கிறது. கூடத்துத் தறியில் உட்காரவிடாமல் செய்வதும் அதில் அடங்கும் என்றே நினைக்கிறேன்.

பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கத் திருவண்ணாமலைக்குப் போக வேண்டும். சுமார் 60 கி.மீ., ஒரு நாள் கூலி போய்விடும். அதற்கு முன்னால் 181-க்குப் போன் செய்யலாம்; 2018 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது, இரவிலும் எடுப்பார்கள். பக்கத்து வீட்டில் சத்தம் கேட்கிறவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு கொடுத்தவர் மேல் வழக்குப் போட முடியாது என்று சட்டத்தின் 4-வது பிரிவிலேயே எழுதியிருக்கிறது.