பெயரற்றோர் பதுக்கை: நடுகல்லின் தோற்றம் குறித்து ஒரு மறுபரிசீலனை

நடுகல் பற்றிய எழுத்துகளில் ஒரு வளர்ச்சி வரிசை பழகிப்போயிருக்கிறது. முதலில் இறந்தவன் உடல்மேல் கற்களைக் குவித்தார்கள். பிறகு அக்குவியலை ஒட்டி ஒரு கல்லை நட்டார்கள். அதில் பெயரைப் பொறித்தார்கள். கடைசியில் உருவத்தைச் செதுக்கினார்கள். பதுக்கை எனப்படும் அக்குவியலில் தொடங்கி, செங்கம் வட்டாரத்துப் பல்லவர் கால வீரக்கற்களில் வந்து நிற்கிறது இவ்வரிசை. பின்னிரண்டு படிகளில் எனக்கு முரண்பாடு இல்லை. முதற்படிதான் இடிக்கிறது. சங்கப் பாடல்கள் காட்டும் பதுக்கை நடுகல்லின் முரட்டு முன்னோடி அன்று. அது வேறொரு வழக்கம், வேறு மனிதர்களுக்கு உரியது. நடுகல் ஊருக்குச் சொந்தம், பதுக்கை வழிக்குச் சொந்தம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பதுக்கைக்குள் கிடப்பவர் யார் என்பதிலிருந்து தொடங்கலாம். குறுந்தொகை 77இல் மதுரை மருதன் இளநாகனார் பாடுவது, கொடிய சுரத்தில் இறந்துபட்ட வம்பலரின் பதுக்கையை. வம்பலர் என்போர் அந்நிலத்துக்குப் புதியவர், வழிப்போக்கர். கலித்தொகை 12இல், கொலைஞரின் வில்லுக்கு இரையானோரின் பதுக்கைகள் முள்வேலி போலப் பாதையோரம் நிரையாகக் கிடக்கின்றன. புறநானூறு 3இல் இரும்பிடர்த்தலையார் காட்டுவதும் வழிச்செல்வோர் அம்பு பட்டு வீழ்ந்த இடத்துப் புதுப் பதுக்கைகளையே. இவர்களுள் ஒருவருக்கும் பெயர் இல்லை, குலம் இல்லை, ஊர் இல்லை. இறந்த செய்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததற்கான குறிப்பும் இல்லை. வீரச்சாவு என்று எந்தப் புலவரும் இவற்றைச் சொல்லவில்லை. பொருள் தேடப் போனவர்கள் கொள்ளையில் மாண்டார்கள், அவ்வளவுதான்.

நடுகல்லோ இதற்கு நேர் எதிர். தொல்காப்பியப் புறத்திணையியல் கல்லுக்குரிய 6 நிலைகளைச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைத் தேடிக் காண்பதிலிருந்து வாழ்த்துவது வரை ஒவ்வொன்றுக்கும் கூடி நின்று செய்ய ஆட்கள் வேண்டும், நாள் வேண்டும், படையலுக்குப் பொருள் வேண்டும். சுரத்தில் உடல் கிடக்க, அடுத்த அம்பு எப்போது வருமோ என்று அஞ்சி நிற்கும் உடன்பயணிகளால் ஆகிற காரியமா இது? அந்த ஆறில் பதுக்கை எந்த நிலையிலும் இடம்பெறவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பதுக்கையிலிருந்துதான் நடுகல் வளர்ந்தது என்றால், இலக்கணம் வகுத்தவர் அந்த வேரை முற்றிலும் விட்டிருப்பது விளங்கவில்லை.

இரண்டையும் சேர்த்துச் சொல்லும் பாடல்கள் உண்டே என்ற மறுப்பு நியாயமானது. உறையூர் இளம்பொன் வாணிகனாரின் புறநானூறு 264 இதற்கு முதற்சான்றாகக் காட்டப்படுகிறது. பருக்கைக் கற்கள் நிறைந்த இடத்தில் பதுக்கை எழுப்பி, மரல் நாரில் தொடுத்த செம்பூங் கண்ணியும் மயிற்பீலியும் சூட்டி, பெயரைப் பொறித்துக் கல்லும் நட்டாயிற்று என்கிறது அப்பாடல். பகைவரை ஓட்டிக் கன்றோடு கறவைகளை மீட்டுத் தந்தவன் அவன். ஆனால் இப்பாடல் காட்டுவது ஒன்று மற்றொன்றாக மாறியதை அன்று. ஒரே வேளையில் செய்யப்பட்ட இரண்டு செயல்களை. குவியல் உடலை மூட, நட்ட கல் பெயரைச் சொல்ல. அவன் மறைந்தது அறியாமல் பாணர் கூட்டம் இன்றும் வருமோ என்று முடியும் அப்பாடலில், தெரியாதவர்க்குத் தெரிவிக்கும் பொறுப்பு பெயர் பொறித்த கல்லுக்கு உரியது. குவியலால் அது முடியாது.

அகநானூறு 35இல் நிலைமை இன்னும் சுவையானது. மகள் உடன்போக்கில் சென்ற வழியை நினைத்துத் தாய் வருந்தும் பாடல் அது. மறவர்கள் தம் வலிய வீரனின் பதுக்கையைத் தெய்வமாகப் பேணி, அங்குள்ள நடுகல்லுக்குப் பீலி சூட்டி, துடி முழக்கி, நெற்கள்ளும் ஆட்டுப்பலியும் கொடுக்கிறார்கள். இங்கே பதுக்கைக்குள் இருப்பவனுக்கு உறவு உண்டு. ஆகவே கல் உண்டு, பலி உண்டு. வழிப்போக்கனைக் கொன்று போடுபவர்களும் இதே மறவர்கள்தாம். தங்கள் ஆளுக்குக் கல் நட்டவர்கள், தங்கள் அம்புக்கு வீழ்ந்தவனுக்கு நடவில்லை. எனவே கோடு விழுவது குவியலுக்கும் நட்ட கல்லுக்கும் இடையே அன்று. செத்தவனின் பெயர் தெரிந்த ஒருவராவது பக்கத்தில் இருந்தாரா என்பதில்தான்.

கல்வெட்டுச் சான்றும் வளர்ச்சி வரிசைக்கு உதவவில்லை. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ்பிராமி எழுத்துடைய நடுகற்கள் கி.மு. காலத்தவை என மதிப்பிடப்பட்டுள்ளன. அவற்றில் உருவம் இல்லை, எழுத்து மட்டுமே. ஒன்று ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், மாண்டவனின் பெயரையும் ஊரையும் சொல்கிறது. பெயர் பொறித்த கல் அத்தனை பழமையானது என்றால், பதுக்கையைப் பாடிய புலவர்கள் காலத்தில் இரண்டும் அருகருகே வழங்கின என்றே கொள்ள வேண்டும். முந்தையது தேய்ந்து பிந்தையது பிறந்த நிலை இல்லை.

இனி, பதுக்கை எங்கே இருந்தது என்ற கேள்வி. இதற்குப் பாடல்கள் தரும் விடை வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போகிறது: கவலையில், அதாவது பாதை பிரியும் இடத்தில். புறநானூறு 3, அகநானூறு 35, ஐங்குறுநூறு 362 ஆகிய மூன்றும் அங்கேதான் நிற்கின்றன. காரணம் கடினமானதன்று. எந்தப் பக்கம் போவது என்று வழிப்போக்கன் தயங்கி நிற்கும் இடமே மறைந்திருந்து எய்பவனுக்கு வாய்ப்பான இடம். தயக்கமே பலரைக் கொன்றிருக்கும். மலைபடுகடாம் இதே கவலைகளின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு வழி சொல்பவன், கடவுள் உறையும் கவலைகளில் செல்லும் இடத்தின் பெயர் எழுதிய கல் இருக்கும் என்கிறான். பின்னால் வருகிற புதியவர்க்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறான். ஆக, கவலையில் மூன்று அடையாளங்கள்: பெயர்க் கல், புல்முடி, பதுக்கை. முதலிரண்டும் போகும் வழியைச் சொல்கின்றன. பதுக்கை சொல்வது ஒன்றே: இங்கே ஆள் செத்திருக்கிறான். யாரும் திட்டமிட்டு வைக்காத எல்லைக்குறி அது. ஐங்குறுநூற்றுப் பாடலில், பதுக்கைகள் கிடக்கும் கவலையைக் கடந்து எப்படி வந்தாய் என்று வியந்து கேட்கப்படுவதற்கு, கேட்பவர்க்கு அந்தக் குறி நன்கு தெரியும் என்பதே பொருள்.

குவித்தவர் யார்? கொன்றவர்களே மூடியிருக்கலாம், உடன்வந்தவர்களும் மூடியிருக்கலாம். ஆனால் குறுந்தொகை 77 ஒரு கணக்குச் சிக்கலைத் தருகிறது. அங்கே பதுக்கை தழை இட்டது. அதே சமயம் உயர்ந்த யானைக்கு நிழல் தரும் அளவு பெரியது. மிகை என்று தள்ளிவிடலாம்தான். என்றாலும் காய்ந்து சருகாகும் தழை ஒருமுறை இட்டதோடு அவ்வளவு உயரத்துக்கு வராது. கடந்து போகிறவர் ஒவ்வொருவரும் ஒரு பிடி தழையோ ஒரு கல்லோ இட்டுச் சென்றால்தான் வரும். மங்கோலியாவின் மலைக்கணவாய்களில் ஓவூ எனப்படும் கற்குவியல்கள் அப்படித்தான் வளர்கின்றன. வழிப்போக்கர் ஒரு கல்லைச் சேர்த்து மும்முறை வலம் வந்து போகிறார்கள். தமிழ்ப் பாலையில் வலம்வந்ததற்குச் சான்று இல்லை. பதுக்கை வழிப்போக்கர் கையால் வளர்ந்தது என்பது என் ஊகமே. ஆனால் அந்த ஊகம் இல்லாமல் அப்பாடலின் தழையையும் யானையையும் ஒன்றாகப் படிக்க முடியவில்லை. புறநானூறு 3இல் பதுக்கை அருகே உன்ன மரத்தில் பருந்து வாடி உட்கார்ந்திருப்பதையும் நான் இப்படியே கொள்கிறேன்: உடலை யாரோ மூடிவிட்டார்கள், பறவைக்குப் பட்டினி.

இந்த வேறுபாடு களஆய்வுக்குத் தேவைப்படுகிறது. தொல்லியலார் கற்பலகைகளை நிறுத்திக் கட்டிய பெட்டி போன்ற ஈமச்சின்னத்தைக் கற்பதுக்கை என்கிறார்கள். கொடுமணல் ஈமக்காட்டில் அத்தகையவற்றில் சூதுபவள மணிகள் பெருமளவில் கிடைத்துள்ளன. பலகை உடைத்து, வட்டமாகக் கல் அடுக்கி, மணியும் இரும்பும் வைத்துப் புதைப்பது செல்வமும் ஓய்வும் உள்ள ஒரு குடியிருப்பின் வேலை. சங்கப் பாடல்களின் பதுக்கையை அதனோடு ஒன்றாக்கினால், இலக்கியம் சொல்லும் வழிப்போக்கன் ஆய்விலிருந்து காணாமற் போகிறான்.

அவனுடைய குவியல் எஞ்சியிருந்தால் எப்படி இருக்கும்? தழை மக்கிப்போனபின் சிறியதாக, வட்டமற்றதாக, ஈமக்காட்டிலிருந்து விலகி, பழைய பெருவழி பிரியும் இடத்தில் தனித்து இருக்கும். வரப்புக்கும் சாலைச் சல்லிக்கும் போனது போக மிஞ்சியவை மலையடிவாரப் பாதைகளில் கிடைக்க வாய்ப்புண்டு. தோண்டினால் பானை இருக்காது, மணி இருக்காது, இரும்பு இருந்தால் அது அம்புமுனையாக இருக்கலாம். இப்போதைய பதிவு முறையில் அத்தகைய வெறுங்குவியலை ஏற்கெனவே கொள்ளைபோன ஈமச்சின்னம் என்று எழுதிவிட்டு நகர்வது எளிது. பிரியும் பாதையிலிருந்து அது எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதற்குப் பதிவேட்டில் ஒரு பத்தி சேர்த்தாலே போதும், இந்த வாதத்தைச் சரிபார்க்கவும் முடியும், தவறென்றால் தள்ளவும் முடியும்.