கொடைக்கானலின் இரண்டு தலைகுனிவுகள்

கொடைக்கானல் என்ற பெயர் இரண்டு முறை நீதிமன்றச் செய்தியாக நாடெங்கும் அடிபட்டது. ஒன்று பிளசன்ட் ஸ்டே ஓட்டல், மற்றது பாதரச ஆலை. இரண்டையும் அம்பலத்துக்குக் கொண்டுவந்ததில் பழனி மலைப் பாதுகாப்புக் கவுன்சிலுக்குப் பங்குண்டு. மாட்டிக்கொண்டவர்கள்தான் வேறு: அங்கே அரசு, இங்கே ஹிந்துஸ்தான் லீவர்.

மலையில் கட்டடங்கள் இத்தனை மாடிக்கு மேல் எழும்பக் கூடாது என்று விதி இருந்தது. அதை மீறி எழும்பிய ஓட்டலுக்கு 1994-ல் ஜெயலலிதா அரசு விலக்களித்தது. அந்த அரசாணையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த விலக்குக்காக 2000 பிப்ரவரி 2 அன்று தனி நீதிமன்றம் ஜெயலலிதாவுக்கு ஓராண்டு சிறை விதித்தது. அன்றே தருமபுரி அருகே அ.தி.மு.க.வினர் கொளுத்திய பேருந்தில், கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் கருகிச் செத்தார்கள். ஓட்டலையோ மாடிக் கணக்கையோ அந்தப் பெண்கள் யோசித்திருக்கக்கூட மாட்டார்கள்.

தலைவிக்கு நேர்ந்த அவமானம் தொண்டனிடம் வந்து சேரும்போது அநீதியாக மாறிவிடுகிறது. அதற்குமேல் வெட்கப்பட அங்கே எதுவும் இல்லை. 2001 மே மாதம் அவரே மீண்டும் முதல்வரானார். அந்த டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை இவ்வழக்கிலிருந்து விடுவித்தது. பேருந்து எரிப்பில் ஆயுள் தண்டனையில் இருந்த மூவரையும் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு என்ற பெயரில் 2018-ல் விடுதலை செய்தது அ.தி.மு.க. அரசுதான்.

கம்பெனியின் கணக்கு வேறு. அதற்குத் தொண்டர்கள் கிடையாது, வாடிக்கையாளர்கள்தான் உண்டு. அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து 1980-களில் பெயர்த்துக் கொண்டுவந்த தெர்மாமீட்டர் ஆலை அது. 2001 மார்ச்சில் கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதிக் காயலாங்கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் குவிந்து கிடந்தது வெளியே தெரிந்ததும் ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. ஆனால் தொழிலாளர்களின் உடல்நலம் பாதரசத்தால் கெடவில்லை என்பதில் மட்டும் கம்பெனி அசையவில்லை. 2006-ல் அவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். ஒன்பது வருடம் ஓடியது.

2015 ஜூலை இறுதியில் இந்த ஆலையைப் பற்றிப் பாடகி சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் வீடியோ வந்தது. லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். கம்பெனியின் தாய் நிறுவனமான பிரிட்டிஷ்-டச்சு யூனிலீவரின் தலைமை அதிகாரி பால் போல்மனே ட்விட்டரில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. சுற்றுச்சூழல் அக்கறையையே தன் அடையாளமாக உலகெங்கும் விளம்பரப்படுத்திக்கொண்டிருந்த நிறுவனத்துக்கு இது பட்டுவேட்டியில் விழுந்த சேறு. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு கையெழுத்தானது. தொகை ரகசியம். கொடுத்தது மனிதாபிமானத்தால் என்றார்கள், தவறை ஒப்புக்கொள்ளவில்லை. பாட்டு மட்டுமே சாதித்ததாக நான் நினைக்கவில்லை. பத்தாண்டாக வழக்கை விடாமல் நடத்திய தொழிலாளர்கள் இல்லாவிட்டால், பாட்டு எழுப்பிய வெட்கம் கையெழுத்தாகியிருக்காது.

அந்த வெட்கமும் மண்வரை இறங்கவில்லை. ஆலைக்குக் கீழே பாம்பார் சோலை. அங்கிருந்து இறங்கும் தண்ணீர் சமவெளிக்குப் போகிறது. ஆலை வளாகத்தில் ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற அளவுகோலை அதிகாரிகள் ஏற்றார்கள். பிரிட்டனில் இப்படி விடுவார்களா என்று கேட்டு, 2018-ல் கர்னாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சேர்ந்து இன்னொரு வீடியோ வந்தது. இம்முறை உடன்பாடு எதுவும் பின்தொடரவில்லை. மண் தரப்பில் வாதாட 591 பேர் இல்லை.