தறிச்சாலையில் தோன்றிய மோட்டார் வண்டி

நம் பாட்டனார் காலத்தில் "ஜப்பான் சாமான்" என்ற சொல்லுக்குப் பொருளே வேறு. திருவிழாக் கடைகளில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற செல்லுலாய்டு பொம்மையும், இருமுறை சாவி கொடுத்ததும் வில் அறுந்து நின்றுவிடும் தகர வண்டியுமே அப்பெயருக்கு உரியனவாய் இருந்தன. மலிவாக வாங்கலாம், மறுநாள் இருக்குமா என்று கேட்கலாகாது. இன்றோ "ஜப்பான்காரன் செய்தது" என்று விற்பவன் சொல்லிவிட்டால் வாங்குபவன் மறுவினா எழுப்புவதில்லை. ஒரு நாட்டின் கைவேலைக்கு இருந்த இழிபெயர் இரண்டு தலைமுறைக்குள் நற்பெயராக மாறியதை உலக வரலாற்றில் அரிய நிகழ்ச்சி என்றே கூற வேண்டும்.

அம்மாற்றத்தைச் சுசூகி என்னும் ஒரு கம்பெனியின் வரலாற்றின் வழியே காண்பது இக்கட்டுரையின் நோக்கம். நெருளில் நம் சங்கத்து அன்பர்கள் பலர் தம் வாழ்நாளில் முதன்முதலாக வாங்கிய மோட்டார் வண்டி அக்கம்பெனியினதே. இந்நாட்டில் அதற்கு மாருதி என்று பெயர். அதனை இங்குக் கொணர்ந்து நிலைநாட்டியவர்களுள் முதல்வர் ஒரு தமிழர் என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி.

ஜப்பான் நாட்டில் ஹமமட்சு என்றொரு நகர் உண்டு. பருத்தி விளையும் சீமை அது. அங்கு உழவர் குடியில் 1887இல் பிறந்த மிச்சியோ சுசூகி என்பார் இளமையில் தச்சுத்தொழில் பயின்று, 1909இல் தறி செய்யும் சாலை ஒன்றைத் தொடங்கினார். பல நிற நூல்களைக் கொண்டு கோடும் கட்டமும் நெய்யத்தக்க தறிகளை அமைப்பதில் அவர் வல்லவர். 1920இல் அச்சாலை முறையான கம்பெனியாயிற்று. அதன் தறிகள் கடல் கடந்து தென்கிழக்காசிய நாடுகளுக்குச் சென்று, அங்குள்ளோர் உடுக்கும் சாரோங் துணியை நெய்தன. நெல்லைச் சீமையில் நாம் "சாரம்" என்று கூறி இடையிற் கட்டுவதும் அதுவேயன்றோ! மாருதி வண்டியின் பாட்டன் நம் கைலிக்கு உறவினன் என்று சொன்னால் அது முழுப் பொய்யாகாது. டொயோட்டா என்னும் மற்றொரு பெருங்கம்பெனியும் தறியிலிருந்தே தோன்றியது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஆயிரம் இழைகளில் ஒன்று அறுந்தாலும் துணி பழுதுபடும் என்று அறிந்தவன், ஆயிரம் உறுப்புகள் கொண்ட எந்திரத்தையும் அக்கண்ணாலேயே நோக்குவான் போலும்.

1937 அளவிலேயே மிச்சியோ சிறிய மோட்டார் வண்டி செய்ய முயன்றார். போர் வந்து அம்முயற்சியைத் தடுத்தது. போருக்குப் பின் பருத்தித் தொழில் வீழ்ச்சியுற்றது. தறி வாங்குவார் அருகினர். 1952இல் சைக்கிளிற் பொருத்தி ஓட்டும் 36 கன சென்டிமீட்டர் எஞ்சின் ஒன்றைக் கம்பெனி வெளியிட்டது. 1954இல் பெயரையே சுசூகி மோட்டார் கம்பெனி என மாற்றிக்கொண்டது. மறு ஆண்டு சுசூலைட் என்னும் 360 கன சென்டிமீட்டர் சிற்றுந்து வந்தது. பெரிய வண்டி செய்யப் பொருளில்லாதவன் சிறிய வண்டியைச் செம்மையாகச் செய்தான். அதுவே பின்னர் அக்கம்பெனியின் தனித்திறனாக வாய்த்தது.

மிச்சியோவின் பேத்தியை மணந்து, அந்நாட்டு வழக்கப்படி மாமனார் வீட்டுப் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டவர் ஒசாமு சுசூகி. 1958இல் கம்பெனியிற் சேர்ந்து, 1978இல் தலைவரானார். சிக்கனத்துக்குப் பெயர் பெற்றவர். 1979இல் அவர் வெளியிட்ட ஆல்ட்டோ என்னும் வண்டி 4,70,000 யென் விலைக்கு விற்றது. பிற கம்பெனிகள் அவ்விலையைக் கேட்டு வியந்தன. எனினும் டொயோட்டா, நிசான் ஆகியவற்றின் முன்னிலையில் சுசூகி சிறு கம்பெனியே. ஏதேனும் ஒரு நாட்டிலாவது தாம் முதலிடத்தில் இருக்கவேண்டும் என்ற வேட்கை ஒசாமுவுக்கு இருந்தது.

இனி நம் நாட்டு நிலையை நோக்குவோம். அந்நாளில் இந்தியாவில் மோட்டார் வண்டி என்றால் மூன்றே பெயர். கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் அம்பாசடர், சென்னையில் ஸ்டாண்டர்டு, நம் பம்பாயில், வால்சந்த் ஹீராசந்த் நிறுவிய பிரீமியர் ஆலையின் பியட். குர்லாவில் இருந்த அவ்வாலையிலிருந்து வெளிவந்த பியட்டே 1974 முதல் பத்மினி என்று பெயர் பூண்டு, கறுப்பும் மஞ்சளும் தீட்டி, இந்நகரின் டாக்சியாக உலவியது. 2023 அக்டோபர் இறுதியில் கடைசிப் பத்மினி டாக்சி வீதியை விட்டு நீங்கியபோது கண்கலங்கியவர் பலர். யானும் அவ்வண்டியை நேசித்தவனே. ஆயினும் வரலாறு எழுதுவோன் உண்மையை மறைக்கலாகாது. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கிற் காத்திருத்தல், வந்த வண்டியை உடனே பட்டறைக்கு அனுப்புதல், பழைய அமைப்பையே மாற்றமின்றி விற்றல் ஆகியவை அக்காலத்து வழக்கங்கள். நாடு முழுவதும் ஆண்டொன்றுக்கு ஐம்பதாயிரம் கார்கூட உற்பத்தியாகவில்லை.

மக்களுக்கேற்ற சிறிய கார் செய்வதாகக் கூறி, பிரதமர் இந்திரா காந்தியின் இளைய மகன் சஞ்சய் காந்தி 1971இல் மாருதி என்னும் கம்பெனியைத் தொடங்கினார். வண்டி வரவில்லை, பழியே வந்தது. கம்பெனி கலைக்கப்பட்டது. 1980 ஜூன் மாதத்தில் சஞ்சய் விமான விபத்தில் மறைந்தார். குர்காவ் நிலத்தையும் தளவாடங்களையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டு, 1981 பிப்ரவரியில் மாருதி உத்யோக் என்னும் பொதுத்துறைக் கம்பெனியை அமைத்தது. அதனை நடத்தும் பொறுப்பு வெ. கிருஷ்ணமூர்த்தியிடம் வந்து சேர்ந்தது.

கிருஷ்ணமூர்த்தி பழைய தஞ்சை மாவட்டத்துக் கருவேலியில் 1925இல் பிறந்தவர். அப்பரடிகள் பாடிய கருவிலிக் கொட்டிட்டை என்னும் தலம் அவ்வூரே. சென்னை மாகாண மின்சாரத் துறையிற் பணியைத் தொடங்கி, படிப்படியாக உயர்ந்து, திருச்சியில் கொதிகலன் ஆலையை வளர்த்து, 1972இல் பெல் நிறுவனம் முழுமைக்கும் தலைவரானவர். அரசாங்க ஆலை என்றால் நட்டம் என்ற கருத்தைத் தம் செயலால் மறுத்தவர் அவர். பெயர் கெட்டுப்போன ஒரு கம்பெனியை ஐம்பத்தாறாம் வயதில் அவர் தலைமேற் சுமந்துகொண்டது சிறு துணிவன்று.

கூட்டாளி தேடி அவர் குழு பல நாடுகளுக்குச் சென்றது. ஜெர்மனியின் வோக்ஸ்வாகன், பிரான்சின் ரெனோ, ஜப்பானின் பல கம்பெனிகள் ஆகியோருடன் பேச்சு நடந்தது. பெரிய கம்பெனிகள் இந்தியச் சந்தையைச் சிறிதென எண்ணின. தம் பணத்தை இங்கு முதலிடத் தயங்கின. சுசூகி ஒன்றே பங்குப் பணமும் தந்து, தொழில்நுட்பமும் தந்து, தலைவரே நேரில் அமர்ந்து பேசி முடிவெடுத்தது. 1982 அக்டோபர் 2ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சுசூகிக்கு நூற்றுக்கு 26 பங்கு. தறி செய்யத் தொடங்கிய மிச்சியோ தம் 95ஆம் வயதில் மறைந்ததும் அதே மாதத்திலேதான்.

பதினான்கு மாதங்களில் முதல் வண்டி வெளிவந்தது. 1983 டிசம்பர் 14ஆம் நாள், சஞ்சயின் பிறந்த நாளன்று, இந்திரா காந்தி அதன் சாவியைத் தம் கையால் வழங்கினார். 796 கன சென்டிமீட்டர் எஞ்சின். விலை ஏறத்தாழ 47,500 ரூபாய். வண்டியைக் காணுமுன்பே பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கட்டிப் பதிவு செய்தவர் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர்.

வண்டியைவிட எனக்கு வியப்பளிப்பது அவ்வாலை நடந்த முறை. அரசாங்க அலுவலகத்தில் வாழ்நாளைக் கழிக்கும் எழுத்தர்க்கே இதன் அருமை நன்கு விளங்கும். அதிகாரிக்குப் பீங்கான் கோப்பை, எழுத்தருக்குக் கண்ணாடிக் குவளை, சேவகருக்கு வாசற்படி என்ற வகுப்பு முறை நாம் காணாததன்று. குர்காவிலோ நிர்வாக இயக்குநர் முதல் கடைநிலைத் தொழிலாளி வரை அனைவருக்கும் ஒரே சீருடை. ஒரே உணவுச்சாலை, வரிசையில் நின்று தட்டேந்த வேண்டும். உயர் அதிகாரிகளுக்குத் தனியறை இல்லை. நீண்ட கூடத்தில் யாவரும் காண அமர்ந்து பணிபுரிந்தனர். காலையில் வேலைக்கு முன் உடற்பயிற்சி. தொழிலாளி கூறும் யோசனை எழுதி வாங்கப்பெற்றது. தொழிலாளர் குழுக்கள் ஜப்பான் சென்று பயின்று வந்தன. தொழிலாளியோடு ஒரு மேசையில் உண்ண முதலில் அதிகாரிகளே நாணினர் என்பர். கிருஷ்ணமூர்த்தியும், அவருடன் பணியாற்றிய இரா. சி. பார்கவாவும் முன்னின்று அதனை வழக்கமாக்கினர். முறை ஜப்பானியருடையதே எனினும், சாதியும் பதவியும் ஊறிய மண்ணில் அதனை நட்டு வளர்த்த கை நம்மவர் கையே.

1985க்குப் பின் யென் நாணயத்தின் மதிப்பு விரைந்து ஏறியது. ஜப்பானிலிருந்து வரும் உறுப்புகளின் விலையும் உடன் ஏறியது. அவ்விடரே நன்மையாயிற்று. உறுப்புகளை இந்நாட்டிலேயே செய்விக்க நூற்றுக்கணக்கான சிற்றாலைகள் எழுந்தன. 1987இல் 500 மாருதிக் கார்கள் ஹங்கேரிக்குச் சென்றன. நம் தமிழகத்து ஓசூரிலும், டி.வி.எஸ். குழுவினருடன் சுசூகி கூடி 1984இல் மோட்டார் சைக்கிள் வெளியிட்டது. 2001இல் அவ்விருவரும் பிரிந்தனர்.

மாருதி 800 என்னும் அச்சிற்றுந்து 2014 சனவரி வரை உற்பத்தியாகி, 25 இலட்சத்துக்கும் மேல் விற்றது. அதன் நற்பெயருக்குக் காரணம் அழகன்று. பெட்ரோலைக் குறைவாகக் குடிக்கும்; அடிக்கடி நிற்காது; நின்றாலும் எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் பழுது பார்க்கலாம்; குர்லாச் சாலையோரத்து உதிரிப்பாகக் கடையிலும் அதன் உறுப்பு கிட்டும்; பழையதாய் விற்றாலும் விலை போகும். நடுத்தரக் குடும்பத்தான் கேட்பது இவ்வளவே.

ஆனால் அப்பெயரிற் குறையும் உண்டு. தகடு மெல்லியது என்று மக்கள் பேசிக்கொண்டது வீண்பேச்சன்று. 2014இல் குளோபல் என்கேப் என்னும் அமைப்பு மோதற் சோதனை நடத்தியபோது ஆல்ட்டோவும் சுவிப்டும் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. ஐரோப்பாவில் விற்கும் சுவிப்டுக்கு இருந்த காற்றுப்பை இங்குள்ள அடிப்படை வகையில் இல்லை. உயிர் இருவர்க்கும் ஒன்றேயன்றோ! 2024 நவம்பரில் புதிய டிசையர் வண்டி அதே அமைப்பிடம் ஐந்து நட்சத்திரம் பெற்றது. பத்தாண்டு தாமதமாயினும் வரவேற்கத்தக்கதே. ஜப்பானிலும் 2016இல் எரிபொருட் சோதனையை முறைப்படி செய்யவில்லை எனச் சுசூகியே ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

இவற்றினும் பெரிய குறை மானேசரில் நிகழ்ந்தது. குர்காவுக்கு அப்பால் 2007இல் தொடங்கிய புதிய ஆலை அது. அங்கு ஒரே வரிசையில் நின்று ஒரே வேலையைச் செய்தவருள் பலர் ஒப்பந்தக் கூலிகள். நிலையான தொழிலாளி பெற்றதைவிடக் குறைந்த ஊதியமே அவர்க்குக் கிட்டியது. சீருடை ஒன்றே, ஊதியச் சீட்டு வேறு. 2011இல் தங்களுக்கெனத் தனிச் சங்கம் வேண்டிப் பலமுறை வேலைநிறுத்தம் செய்தனர். நன்னடத்தைப் பத்திரத்திற் கையெழுத்திட்டாலன்றி உள்ளே வரலாகாது என்று நிர்வாகம் ஆலையை ஒரு மாதத்துக்கு மேல் அடைத்தது. 2012 ஜூலை 18ஆம் நாள் கலகம் மூண்டு, ஆலையில் தீ எழுந்து, மனிதவளத் துறைப் பொது மேலாளர் உயிரிழந்தார். அது கொடுமை, அதனை எக்காரணத்தாலும் நியாயப்படுத்தலாகாது. ஆயின் அதன்பின் ஐந்நூறுக்கு மேற்பட்ட நிலையான தொழிலாளர் நீக்கப்பட்டனர். ஒப்பந்தக் கூலிகள் அதனினும் பன்மடங்கு வேலையிழந்தனர். ஏறத்தாழ 150 பேர் சிறைப்பட்டனர். 2017 மார்ச்சில் தீர்ப்பு வந்தபோது 31 பேர் குற்றவாளிகள் எனவும், அவருள் 13 பேருக்கு ஆயுள் தண்டனை எனவும் முடிவாயிற்று. 117 பேர் விடுதலை பெற்றனர். குற்றம் நிலைநாட்டப்படாத அந்த 117 பேருள் பலர் ஆண்டுக்கணக்கிற் சிறையில் இருந்தவர். அவர்கள் இழந்த காலத்தை எக்கணக்கில் எழுதுவது? ஒரே தட்டில் உண்ட குர்காவ் ஆலையின் புகழைப் பாடுவோர் மானேசரை விட்டுவிட்டுப் பாடினால் அவ்வரலாறு பாதியே.

கம்பெனியின் உரிமையும் படிப்படியாகக் கை மாறியது. 1992இல் சுசூகியின் பங்கு நூற்றுக்கு 50 ஆயிற்று. 2002இல் பாதியைத் தாண்டியது. 2007இல் இந்திய அரசு எஞ்சியதையும் விற்றுவிட்டு வெளியேற, கம்பெனியின் பெயர் மாருதி சுசூகி எனத் திருந்தியது. அதே ஆண்டில் நம் அரசாங்கம் கிருஷ்ணமூர்த்திக்குப் பத்ம விபூஷண் விருதும் ஒசாமு சுசூகிக்குப் பத்ம பூஷண் விருதும் அளித்தது. மாருதிக்குப் பின் செயில் எஃகு நிறுவனத்தையும் நிமிர்த்திய கிருஷ்ணமூர்த்தி, 2022 ஜூனில், 97ஆம் வயதில், சென்னையிற் காலமானார். ஒசாமு 2024 டிசம்பர் 25ஆம் நாள் 94ஆம் வயதில் மறைந்தார். மறு ஆண்டு அவருக்கும் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

ரயில்வே ஊழியன் என்ற முறையில் மற்றொரு செய்தியையும் குறிக்க விழைகின்றேன். கார் வந்தால் ரயிலுக்குக் கூட்டம் குறையும் என்று அந்நாளில் எம் துறையிற் பேசுவோர் உண்டு. நடந்தது வேறு. தானே மோட்டார் வண்டிச் சரக்கு ரயில் ஓட்டும் உரிமத்தை 2013இல் இந்நாட்டு மோட்டார்க் கம்பெனிகளுள் முதலாவதாகப் பெற்றது மாருதியே. குஜராத்தில் ஹன்சல்பூர் ஆலைக்குள் 2024இலும், மானேசர் ஆலைக்குள் 2025 ஜூனிலும் இருப்புப்பாதை புகுந்தது. இப்போது அங்கே தயாராகும் கார்கள் ஆலை வாயிலைக் கடக்குமுன்பே வாகன்களில் ஏறிவிடுகின்றன.