வெட்டாத கம்பி

1958ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம், பெண்டிக்ஸ் வகுத்த மின்னியல் எரிபொருள் தெளிப்பு முறையைச் சில மோட்டார் வண்டிகளிற் பொருத்திற்று. அது அடிக்கடி பழுதுறவே, பெரும்பாலானவற்றில் அதனைக் கழற்றிவிட்டுக் காபரேற்றரைப் பூட்டினர். அதனால் அம்முறையை மூல உருவிற் காண்பது இன்று அரிதாயிற்று.

பெண்டிக்ஸின் காப்புரிமைகளைப் பெற்ற ஜெர்மனியின் பொஷ் நிறுவனமே 1967இல் வொக்ஸ்வாகன் 1600 வண்டியில் இம்முறையை நிலைநாட்டியது.

இத்தகைய பழைய வண்டிகளுக்குப் பிறர் செய்த தெளிப்பானைப் பூட்டுவோர் மூலக் கம்பியை வெட்டவேண்டியதில்லை. செருகிகளின் வடிவம் வேறுபடின், இடையே ஓர் இணைப்புத் துண்டு போதும். ஆயின் மின்தடையும் ஒத்திருத்தல் வேண்டும்; மூலத்தினும் குறைந்த தடை மிகுந்த மின்னோட்டத்தை இழுத்துக் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கெடுத்துவிடக்கூடும்.

இணைப்புத் துண்டை நாளை கழற்றலாம். வெட்டிய கம்பியோ பழைய நிலைக்கு மீளாது.