எப்வொர்த் வீட்டின் ஏழு மாலைகள்

மன்னர்களின் படையெடுப்புகளை நாள் கணக்கில் நம்மால் சொல்லிவிட முடிகிறது. ஆனால் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சாதாரண வீட்டில் திங்கட்கிழமை மாலை என்ன நடந்தது, செவ்வாய்க்கிழமை யாருடைய முறை என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. அவ்விதம் விடை கிடைக்கும் மிகச் சில வீடுகளுள் ஒன்று இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில், எப்வொர்த் என்னும் சிற்றூரில் இருந்த வெஸ்லி குடும்பத்தின் வீடு. அவ்வீட்டின் வார ஒழுங்கு உருவானதில் நமது தரங்கம்பாடிக்கும் ஒரு பங்குண்டு என்பது பலரும் அறியாத செய்தி.

எப்வொர்த் ஆலயத்தின் போதகர் சாமுவேல் வெஸ்லி. அவர் மனைவி சுசான்னா, லண்டனில் 1669-ஆம் ஆண்டு, தம் தந்தைக்கு இருபத்தைந்தாவது மகவாகப் பிறந்தவர். சுசான்னாவுக்குப் பிறந்த பத்தொன்பது குழந்தைகளுள் வளர்ந்து ஆளானோர் பதின்மர்; ஆண்கள் மூவர், பெண்கள் எழுவர். வறுமை அவ்வீட்டின் நிலையான விருந்தாளி. 1705-இல் கடன் தீர்க்க இயலாமல் சாமுவேல் லிங்கன் கோட்டைச் சிறையில் அடைபட நேர்ந்தது. இத்தகைய சூழலில் தம் பிள்ளைகள் அனைவருக்கும் தாமே ஆசிரியையாக அமர்ந்தார் சுசான்னா.

அவர் கற்பித்த முறையை நாம் அறிவதற்குக் காரணம், மகன் ஜான் கேட்டுக்கொண்டதற்கிணங்க 1732-இல் அவர் எழுதிய நீண்ட கடிதம். தாயார் 1742-இல் மறைந்தபோது ஜான் அதனைத் தமது நாட்குறிப்பில் சேர்த்து அச்சேற்றினார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி இவரே.

குழந்தைக்கு ஐந்து வயது நிறையும் வரை எழுத்து இல்லை. நிறைந்த மறுநாள் எழுத்தறிவிப்பு நாள். முந்திய நாளே வீட்டு வேலைகள் ஒழுங்கு செய்யப்பட்டு, ஒவ்வொருவருக்கும் அவரவர் பணி குறிக்கப்படும். காலை ஒன்பது முதல் பன்னிரண்டு, பிற்பகல் இரண்டு முதல் ஐந்து. இவையே பள்ளி நேரங்கள். அந்த ஆறு மணி நேரத்தில் பாடம் நடக்கும் அறைக்குள் வேறு எவரும் வரலாகாது. முதல் நாள் முடிவதற்குள் எழுத்துகள் அனைத்தையும் பிள்ளை அறிந்துவிட வேண்டும். மோலியும் நான்சியும் மட்டும் ஒன்றரை நாள் எடுத்துக்கொண்டனர். அதற்காக அவர்களைத் தாம் மந்தமானவர்கள் என்று கருதியதாகத் தாயே எழுதுகிறார்! எழுத்து அறிந்த கையோடு தொடக்க நூல், விவிலியத்தின் ஆதியாகமம் முதல் அதிகாரம். இடையில் அரிச்சுவடி என்று ஒன்று கிடையாது.

ஒழுக்க விதிகள் கடுமையானவை. உரத்த பேச்சு கூடாது. பாட நேரத்தில் அனுமதியின்றி முற்றத்திலோ தோட்டத்திலோ கால் வைப்பது பெருங்குற்றம். ஓராண்டு நிறைந்ததுமே, சிலர் விஷயத்தில் அதற்கு முன்பே, பிரம்புக்கு அஞ்சவும், அழுதால் மெல்ல அழவும் குழந்தை பழக்கப்பட்டுவிடும். மாலை ஏழு மணிக்குப் பணிப்பெண் கடைக்குட்டியில் தொடங்கி ஒவ்வொருவராகக் கழுவித் துடைத்து, எட்டு மணிக்குள் படுக்கையில் சேர்த்துவிட்டு வெளியேறிவிடுவாள். உறங்கும் வரை குழந்தையின் அருகில் அமர்ந்திருக்கும் வழக்கம் அவ்வீட்டில் இல்லை. தாலாட்டை ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்த்தெடுத்த நமக்கு இந்த வரி சற்றுக் குளிரெடுக்க வைப்பது. திண்ணைப் பள்ளிகளிலும் பிரம்பு இருந்தது. ஆனால் அங்கே உரத்த குரலே படிப்பின் அடையாளம்.

குழந்தையின் தன்விருப்பத்தை முதலில் அடக்க வேண்டும் என்பது சுசான்னாவின் உறுதியான கொள்கை. அக்காலத்துப் பெற்றோர் பலர் அவ்வாறே எண்ணினர் என்று சமாதானம் சொல்லலாம். ஆயினும் இந்தப் பகுதியை மட்டும் படிப்பவர், அவ்வீட்டை ஒரு பாசறை என்றே முடிவு கட்டுவார். அம்முடிவுக்கு இடையூறாக நிற்பது அவருடைய இன்னொரு கடிதம்.

1709 பிப்ரவரி 9 இரவு வீடு தீப்பற்றி எரிந்தது. ஐந்து வயது ஜானை மேல்மாடிச் சன்னல் வழியே ஊரார் மீட்டனர். வீடு மீண்டும் எழும் வரை பிள்ளைகள் பல வீடுகளில் பிரிந்து வாழ்ந்தனர். திரும்பி வந்தபோது அவர்களிடம் கொச்சைப் பேச்சும் முரட்டுப் பழக்கங்களும் ஒட்டிக்கொண்டிருந்தன. பழைய ஒழுங்கை மீட்கத் தாயார் பெரிதும் பாடுபட வேண்டியதாயிற்று. அதன் பின்னரே, பாடத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் சங்கீதம் பாடுவதும், மாலை ஐந்து மணிக்கு மூத்த பிள்ளை இளைய பிள்ளையை அழைத்துச் சென்று வேதபாடம் வாசிப்பதும் வழக்கமாயின.

தரங்கம்பாடி நுழைவது இதற்குப் பின். 1706 ஜூலையில் அங்கு வந்திறங்கிய சீகன்பால்க், புளூட்சாவ் ஆகிய இருவரும் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு 1709-இல் லண்டனில் வெளியாயின. சீகன்பால்க், திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தாமும் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றவர் என்பதை இங்கு நினைவுகூரலாம். கணவர் திருச்சபை மன்றக் கூட்டத்துக்காக லண்டன் சென்றிருந்த வேளையில் டென்மார்க் மிஷனரிகளின் இந்த வரலாறு சுசான்னாவின் கைக்குக் கிடைத்தது. பல நாட்கள் வேறெதையும் நினைக்கவோ பேசவோ இயலாதபடி அது தம்மை ஆட்கொண்டதென்று 1712 பிப்ரவரி 6 அன்று கணவருக்கு எழுதுகிறார். தாம் ஆணும் அல்லர், போதகரும் அல்லர். ஆயினும் இப்போது செய்வதைவிடக் கூடுதலாக ஏதேனும் செய்யலாமே என்ற எண்ணம் பிறந்ததாம். எங்கிருந்து தொடங்குவது? தம் பிள்ளைகளிடமிருந்தே.

அப்போது வகுத்த முறை இது: ஒவ்வொரு மாலையும் ஒரு குழந்தையோடு தனியே அமர்ந்து உரையாடுவது. திங்கள் மோலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜாக்கி (ஜானின் செல்லப்பெயர்), வெள்ளி மார்த்தா, சனி சார்ல்ஸ். ஞாயிறு அன்று மூத்த பெண்கள் எமிலியும் சூக்கியும் சேர்ந்து. எட்டுப் பிள்ளைகள், ஏழு மாலைகள். பகலில் வரிசையாக அமர்ந்து மெல்லப் பேசப் பழகிய பிள்ளைக்கு, வாரத்தில் ஒரு மாலை தாய் முழுமையாகத் தனக்கே உரியவள் என்றாகிறது. ஒன்றரை நாள் மந்தக்காரி மோலிக்கு வாரத்தின் முதல் மாலை கிடைத்தது என்பதை நான் சற்று மகிழ்ச்சியோடே குறித்துக்கொள்கிறேன்.

இதே குளிர்காலத்தில், ஞாயிறு மாலைகளில் அவர் பிள்ளைகளுக்கு வாசித்த சொற்பொழிவுகளைக் கேட்க அக்கம்பக்கத்தாரும் கூடினர். கூட்டம் இருநூறைத் தாண்டியது. துணைப் போதகர் புகார் எழுத, கணவர் தயங்கினார். நிறுத்த வேண்டுமெனில் விருப்பத்தைச் சொன்னால் போதாது, தெளிவாகக் கட்டளையிடுங்கள் என்று சுசான்னா பதில் எழுதினார். கட்டளை வரவில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து, ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியராக இருந்த ஜான் தாய்க்கு எழுதிய கடிதம் ஒன்றில், முன்பு தமக்களித்த அந்த வியாழன் மாலையின் சிறு பகுதியை இப்போதும் தமக்கென ஒதுக்க வேண்டுமென்று வேண்டுகிறார். பின்னாளில், 1748-இல், பிரிஸ்டல் அருகே கிங்ஸ்வுட் பள்ளியை நிறுவியபோது தாயின் கால அட்டவணையை அவர் மேலும் இறுக்கினார். அதிகாலை நான்கு மணிக்கு எழ வேண்டும், விளையாட்டே கிடையாது. வியாழன் மாலையை மட்டும் அப்பள்ளிக்குக் கொண்டுசெல்ல அவரால் முடியவில்லை. ஒரு பள்ளியால் அது ஆகக்கூடிய காரியமா என்பதும் ஐயமே.

வெஸ்லியின் சீடர்கள் 1814-இல் இலங்கை வந்து யாழ்ப்பாணத்தில் பள்ளி அமைத்ததும், அப்பள்ளியில் பயின்று ஆசிரியராகவும் இருந்த ஆறுமுக நாவலர் பின்னர் சைவப் பள்ளிகளை நிறுவியதும் வாசகர்கள் அறிந்ததே.

நன்றாக வாசிக்கும் வரை எந்தப் பெண்ணுக்கும் தையல் முதலிய வேலைகளைக் கற்பிக்கலாகாது என்பது சுசான்னாவின் விதிகளுள் ஒன்று. அந்நாளில் இது அரிய துணிவு. வீட்டுக்குள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஆறு மணி நேரம், ஒரே மாதிரி மாலை. வாசலுக்கு வெளியே கணக்கு வேறு. மூத்தவன் சாமுவேல் 1704-இல் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளிக்கும், ஜான் 1714-இல் சார்ட்டர்ஹவுஸுக்கும், சார்ல்ஸ் 1716-இல் வெஸ்ட்மின்ஸ்டருக்கும் சென்றனர். மூவரும் ஆக்ஸ்ஃபோர்டு சேர்ந்தனர். பெண்களுக்குச் செல்ல இடமில்லை. சகோதரிகளுள் கவித்திறன் மிக்கவளான ஹெட்டி, 1725-இல் தனக்கு எவ்வகையிலும் ஒவ்வாத ஒருவருக்கு மணமுடிக்கப்பட்டாள். தந்தை அவளைக் கடைசி வரை முழுமையாக மன்னிக்கவில்லை. மோலி மணமான மறுவருடமே, 1734-இல், பிள்ளைப்பேற்றில் இறந்தாள். மார்த்தா, மணவாழ்வின் துயரங்களுக்குப் பின், முதுமையில் டாக்டர் ஜான்சனுடன் அமர்ந்து உரையாடும் தோழியானாள். எமிலி லிங்கனில் ஆசிரியையாக உழைத்து, பின்னர் கெய்ன்ஸ்பரோவில் தானே ஒரு பள்ளி நடத்தினாள்.

பத்தாவது பிள்ளை கெஸ்ஸி, தீ விபத்துக்கு அடுத்த மாதம் பிறந்தவள். 1712-இல் மூன்று வயதும் நிறையாததால் அவள் பெயர் அந்த வாரக் கணக்கில் இடம்பெறவில்லை. அவள் விஷயத்தில் மட்டும் பிறர் வற்புறுத்தலுக்கு இணங்கித் தம் முறையைக் கைவிட நேர்ந்ததாகவும், மற்றவர்கள் மாதங்களில் கற்றதை அவள் கற்க அத்தனை வருடங்கள் ஆனதாகவும் தாயார் 1732-இல் எழுதுகிறார். அவளுக்கென ஒரு மாலை எப்போதாவது ஒதுக்கப்பட்டதா என்பது அக்கடிதத்தில் இல்லை.