தடவினால் சொல்லும், தட்டினால் திறக்கும்: திறன்பேசித் திரைவாசிப்பான் வந்த வழி

திறன்பேசித் திரைவாசிப்பானின் வரலாற்றை 2009இலிருந்து தொடங்குவது வழக்கம். ஆப்பிளின் ஐபோன் 3ஜிஎஸ் வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பானுடன் வெளிவந்த ஆண்டு அது. ஆனால் அந்த ஆண்டு தீர்ந்தது என்ன சிக்கல் என்பது புரிய, இன்னும் பின்னே போக வேண்டும்.

1986இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஜிம் தாட்சர் டாஸ் கணினிக்கு ஒரு மென்பொருள் எழுதினார். அதற்கு வைத்த ‘ஸ்கிரீன் ரீடர்’ என்ற பெயரே பின்னாளில் இந்த வகை மென்பொருள் அனைத்துக்கும் பொதுப்பெயராயிற்று. விபத்தில் பார்வை இழந்த டெட் ஹென்டர் உருவாக்கிய ஜாஸ் திரைவாசிப்பான் 1989இல் வந்தது. டாஸ் திரை என்பது 25 வரி, வரிக்கு 80 எழுத்து. அந்த எழுத்துகள் நினைவகத்தில் வரிசையாகக் கிடந்தன. மென்பொருள் அவற்றை எடுத்து வாசித்தால் போதும். ‘நான் எங்கே இருக்கிறேன்’ என்ற கேள்விக்குக் கர்சர் பதில் சொன்னது. விண்டோஸ் வந்து திரை படமயமானபோது வேலை கடினமாயிற்று. ஆனாலும் விசைப்பலகை இருந்தது, கர்சர் இருந்தது.

செல்பேசியிலும் முதலில் அப்படித்தான். சிம்பியன் நோக்கியாக்களில் டாக்ஸ், பார்சிலோனாவின் கோட் ஃபேக்டரி தந்த மொபைல் ஸ்பீக் ஆகிய மென்பொருள்கள் ஓடின. செல்பேசிக்குக் கொடுத்த விலை போக இவற்றுக்குத் தனியே பணம் கட்ட வேண்டியிருந்தது. ஆனால் 5ஆம் பொத்தானின் மேல் ஒரு சிறு மேடு உண்டு. கட்டைவிரல் அதைத் தேடிப் பிடித்துவிட்டால் மற்ற எண்கள் எல்லாம் தாமே இடத்தில் வந்து நிற்கும்.

2007 ஜூனில் விற்பனைக்கு வந்த ஐபோனில் இந்த மேடு இல்லை. வழுவழுப்பான கண்ணாடி மட்டும். தேடுவதற்காக விரல் வைத்தாலே ஏதோ ஒன்று திறந்துகொள்ளும். கையில் இருந்ததும் போயிற்று என்று பார்வையற்றோர் அஞ்சியதில் வியப்பில்லை.

2008இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஷான் கேன், ஜெஃப்ரி பிகம், ஜேக்கப் வாப்ராக் ஆகியோர் ‘ஸ்லைட் ரூல்’ என்ற ஆய்வு முன்மாதிரியை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே வாய்ஸ்ஓவர். இரண்டின் அடிப்படையும் ஒன்றுதான்: தேடுவது வேறு, திறப்பது வேறு. வாய்ஸ்ஓவரில் கண்ணாடியின் மேல் விரலைத் தடவினால் அடியில் இருப்பதன் பெயர் காதில் விழும், எதுவும் திறக்காது. வேண்டியது கிடைத்ததும் விரலை எடுத்துவிட்டுத் திரையில் எங்கு வேண்டுமானாலும் இருமுறை தட்டலாம்.

தடவித் தேடும் இந்த வசதியையே பலரும் புரட்சி என்று புகழ்கிறார்கள். அன்றாடப் புழக்கத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழகியவர்கள் அதிகம் செய்வது வலப்பக்கம் ஒரு சுண்டு, அடுத்த உருப்படி. இடப்பக்கம் சுண்டினால் முந்தையது. டாஸ் காலத்துக் கர்சரே வேடம் மாற்றிக்கொண்டு திரும்ப வந்திருக்கிறது.

ஆண்ட்ராய்டு வேறு வழியில் வந்தது. சிறுவயதில் கண் அழுத்த நோயால் பார்வை இழந்து, பம்பாய் ஐஐடியிலும் கார்னெலிலும் படித்த டி.வி. ராமன், சார்லஸ் செனுடன் சேர்ந்து கூகுளில் ‘ஐஸ்-ஃப்ரீ’ திட்டத்தை நடத்தினார். அவர்களது பேசும் டயலரில் விரல் முதலில் எங்கே படுகிறதோ அதுவே 5. அங்கிருந்து மேலே இடது மூலைக்கு நகர்த்தினால் 1, கீழே வலது மூலைக்கு நகர்த்தினால் 9. காணாமற்போன மேட்டை விரல் பட்ட இடத்திலேயே உண்டாக்கிவிட்ட இந்த யோசனை, என் கணக்கில் வாய்ஸ்ஓவரைவிட அழகானது. ஆனால் அது நிலைக்கவில்லை. 2009இல் ஆண்ட்ராய்டு 1.6உடன் வந்த டாக்பேக் என்ற திரைவாசிப்பானுக்கு டிராக்பால் போன்ற ஏதாவது தேவைப்பட்டது. தடவித் தேடும் முறை 2011இல் 4.0இலும், சுண்டி நகரும் முறை 2012இல் 4.1இலும்தான் சேர்ந்தன. ஐபோன் விலை எட்டாத இந்தியப் பயனர்களுக்குத் தொடுதிரை உண்மையில் அப்போதுதான் திறந்தது.

தமிழ் வாசகருக்கு இன்னொரு பூட்டும் இருந்தது. யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தட்டச்சு செய்தால் கோப்பில் பதிவது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஒரு செமிகோலனும்தான். கண்ணுக்கு அது தமிழ். திரைவாசிப்பானுக்கு வெறும் உளறல். எழுத்துரு ஏமாற்றுவது கண்ணை மட்டுமே, காதை அல்ல. யூனிகோடு பரவியபின்தான் தமிழ்க் கோப்பு தமிழாகவே ஒலித்தது. தமிழக அரசு 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோடைத் தரமாக ஏற்றது. பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சான பழைய கோப்புகள் மாற்றப்படும்வரை இன்றும் ஊமைதான்.

குரலிலும் சிக்கல் உண்டு. கல், பங்கு, பகல் மூன்றிலும் எழுதுவது ஒரே ககரம், ஒலிப்பது மூன்று விதம். ஈஸ்பீக் போன்ற குரல்கள் இதை விதிகளால் சமாளிக்கின்றன. இயந்திரக் கரகரப்பு இருந்தாலும் வேகம் கூட்டினால் சிதைவதில்லை என்பதால் நெடுநாள் பயனர்கள் அவற்றை விடுவதில்லை. எழுத்து வேறாகி ஒலி ஒன்றாகும் இடம் இன்னும் கடினம். ‘அரம்’, ‘அறம்’ இரண்டும் காதுக்கு ஒன்றாகவே விழுகின்றன. பிரெயிலில் விரலால் படித்தவருக்கு இந்த வேறுபாடு புள்ளிகளில் தெரியும். செவிவழி மட்டுமே படித்து வளரும் தலைமுறைக்கு எழுத்துப்பிழை கூடுவது சோம்பலால் அல்ல.

தொழில்நுட்பம் தீர்த்துவைத்ததைச் செயலி எழுதுவோர் கெடுப்பதும் நடக்கிறது. பொத்தானுக்குப் பெயரிடாமல் விட்டால் டாக்பேக் ‘லேபிள் இல்லை’ என்று மட்டும் சொல்லும். பணம் அனுப்புவதா, ரத்து செய்வதா என்று ஊகித்துத்தான் தட்ட வேண்டும். வங்கிக் கணக்குக்கான இணையவழிச் சரிபார்ப்பில் கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்வது அடுத்த படி. அமிலவீச்சில் பாதிக்கப்பட்டோரும் முழுப் பார்வையின்மை உடைய ஒருவரும் தொடுத்த வழக்குகளில், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் இணையவழி அணுகல் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. கூடவே பிறப்பித்த 20 கட்டளைகளில் ஒன்று, உயிருள்ள ஆள் என்பதை மெய்ப்பிக்கக் கண் சிமிட்டல் அல்லாத வேறு வழியும் இருக்க வேண்டும் என்பது.