சால்ட்டர் ஓட்டிய பஸ்ஸும் தனுவச்சபுரத்துச் சாலையும்

1938 பிப்ரவரி 20 அன்று ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்தைத் தொடங்கிவைத்து, உறவினரோடு கவடியார் வரை பிரயாணம் செய்தபோது, அந்த முதல் பஸ்ஸை ஓட்டியவர் லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் உத்தியோகம் பார்த்து, சமஸ்தானத்துக்கு வரவழைக்கப்பட்ட இ. ஜி. சால்ட்டர் துரை. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி செல்லும் பாதையே முதலில் அரசின் வசமாயிற்று. ஆகவே நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் அடங்கிய இந்த வட்டாரம், சமஸ்தானத்தின் பிற பகுதிகளுக்கு முன்பாகவே அரசு பஸ்ஸைக் கண்டது.

அந்த ஆரம்பத்தில் இருந்த சிரத்தை இன்று நினைத்தாலும் வியப்பளிப்பது. இங்கிலாந்திலிருந்து வந்த சேசிஸின்மேல், சால்ட்டரின் மேற்பார்வையில் உள்ளூர்த் தொழிலாளர் கூடு கட்டினார்கள். பட்டதாரிகள் கண்டக்டர்களாகவும் இன்ஸ்பெக்டர்களாகவும் நியமனம் பெற்றார்கள். மைலுக்கு அன்றைய திருவிதாங்கூர் நாணயத்தில் அரைச் சக்கரம் என்று கட்டணம் விதிக்கப்பட்டு, சிறுவர்க்குப் பாதியாக்கப்பட்டது. ஆனால் அந்தப் பாதையில் அதுவரை ஓடிய தனியார் வண்டிகள் அன்றே விலக்கப்பட்டன என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும். அவற்றில் வேலை பார்த்தவர்களுக்குப் புதிய இலாகாவில் முன்னுரிமை தந்தது நியாயமான காரியந்தான். எனினும், மத்திய கேரளத்திலும் வடக்கிலும் தனியார் பஸ்கள் இன்றுவரை நிறைந்து ஓட, தலைநகரைச் சூழ்ந்த இந்தத் தெற்கு மட்டும் பெரும்பாலும் அரசு வண்டி ஒன்றையே நம்பியிருக்கும் நிலைக்கு அதுவே வித்தாயிற்று. நம்பத்தக்கதாக அது இருந்தவரையில் யாருக்கும் அதில் குறை தோன்றவில்லை.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாக, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நேற்றுவரை நடுவழியாக இருந்த பாறசாலை அன்று முதல் எல்லையாயிற்று. களியக்காவிளைச் சந்தைக்குப் போகிறவர்களும், அக்கரையில் பெண் கொடுத்து, பெண் எடுத்தவர்களும், தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் பேசுகிறவர்களும் மாறாதிருக்க, அவர்களை ஏற்றிச் செல்லும் நிர்வாகம் மட்டும் இரண்டாயிற்று. இக்கரை இலாகா 1965இல் ஆனவண்டி என மக்கள் அழைக்கும் கார்ப்பரேஷனாக மாறியது. அக்கரையில் 1983இல் குமரித் தலைவர் நேசமணியின் பெயரால் ஒரு போக்குவரத்துக் கழகம் எழுந்து, 1997இல் பெயரை மட்டும் இழந்தது.

இதே வட்டாரத்தில் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே ஒதுங்கிய தனுவச்சபுரத்துக்கு பஸ்ஸின் தேவை பெருகியது, 1964இல் திவான் வேலுத்தம்பி நினைவாக என்.எஸ்.எஸ். கல்லூரி அமைந்த பின்னரே. ஐ.டி.ஐ.யும் பள்ளிகளும் இருப்பதால் காலையும் மாலையும் கன்செஷன் சீட்டோடு மாணவர் கூட்டம் திரளும். 1979இல் ரயில் வந்து, ஊருக்கும் ஒரு சிறு நிலையம் கிடைத்தது. ஆயினும் நாளில் சில வேளை மட்டுமே நிற்கும் பாசஞ்சர் வண்டி, ஊடுவழி ஸ்டாப்புகளில் நிற்பவர்களுக்கு என்ன செய்யும்?

கேரள அரசு பஸ்ஸின் நலிவு ஒரே நாளில் நேரவில்லை. சம்பளமும் பென்ஷனும் தாமதமாகும் அளவுக்குக் கடன் முற்றியிருந்த வேளையில், 2013 ஜனவரியில் மொத்தமாக டீசல் வாங்குவோர்க்கான விலைச் சலுகை நீங்கிற்று; 2020இல் பெருந்தொற்று வந்து வண்டிகளை நிறுத்தியது. இத்தகைய காலங்களில் ஒரு நிர்வாகம் முதலில் கைவைப்பது, வசூல் குறைந்த கிராமத்து டிரிப்புகளிலேதான். நெடுஞ்சாலையில் சூப்பர் ஃபாஸ்ட் வண்டிகள் தொடர்ந்து செல்லும். உள்பாதையின் ஆர்டினரி வராமற்போனால், அது வராது என்று சொல்லக்கூட ஸ்டாப்பில் ஆள் கிடையாது. பரீட்சைக்குப் போகும் பிள்ளை, ஆஸ்பத்திரிச் சீட்டோடு நிற்கும் முதியவர், கடை வேலை முடிந்து இருட்டியபின் திரும்பும் பெண் ஆகியோர் இழக்கும் நேரம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் நஷ்டமாக ஏறுவதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் சட்டம் ஒப்பாத சமாந்தர சர்வீஸ் ஜீப்புகளும் வேன்களும் தெற்கெங்கும் வேரூன்றின. அவற்றில் தொங்கிச் செல்பவர்களைக் குற்றம் சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

2021 மே மாதம் முதல் தமிழகத்தின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மறு ஆண்டு மே மாதத்தில் கேரளத்தில் குறைந்தபட்சக் கட்டணம் பத்து ரூபாயாக உயர்ந்தது. சால்ட்டரின் வண்டி ஒரே விகிதத்தில் கட்டணம் வாங்கிச் சென்ற அதே சாலையில், களியக்காவிளையில் இறங்கி எல்லையைக் கடந்து வேலைக்கு வரும் பெண் இப்போது இக்கரையில் பத்து ரூபாயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, வண்டி உண்டா என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்கிறாள்.